தூணுக்குப் பின்னால் ஒரு தறி

தறிக்கூடத்துக்குள் முதல் தடவை வருகிறவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். பொத்தியும் பிரயோஜனமில்லை. இருநூற்றுப் பத்துத் தறிகள் ஒன்றாக அடிக்கிற இடத்தில் சத்தம் தரை வழியாகக் காலில் ஏறிப் பல்லில் வந்து நிற்கும். அங்கே யாரும் வாயால் பேசுவதில்லை. ஊடை நூல் தீர்ந்துவிட்டது, இழை அறுந்துவிட்டது, என் மாமியார் நேற்று என்ன சொன்னாள் தெரியுமா, எல்லாவற்றுக்கும் கைதான். கூடவே புருவமும் உதடும் சேர்ந்துகொள்ளும். பெயர்கள்கூடக் கைப்பெயர்கள். மேஸ்திரியைச் சொல்ல வயிற்றைத் தடவ வேண்டும். சங்கத் தலைவரைச் சொல்ல இல்லாத மீசையை முறுக்க வேண்டும். தறியில் நின்ற காலத்தில் வைத்திருந்தாராம். மீசை போய்ப் பதவி வந்த பிறகும் பெயர் மாறவில்லை.

தறி ஃபிட்டரை ஊரே ஸ்பேனர் என்றுதான் கூப்பிடும். அவன் மனைவியைப் பிடித்ததே இந்தக் கைப்பேச்சில்தான். முகவாயில் இடப்பக்கம் இரண்டு விரலை வைத்தால் அது அவள் பெயர். அங்கே ஒரு மச்சம் உண்டு. பதினேழாம் வரிசையில், தூணுக்குப் பின்னால் இருக்கும் தறி அவளுடையது. அந்தத் தறிக்கு மட்டும் ஏன் இப்படி ரிப்பேர் வருகிறது என்று மேஸ்திரி மண்டையைப் பிய்த்துக்கொண்டான். மூன்று மாதம் பேசி, சிரித்து, ஒரு தடவை சண்டையும் போட்டாயிற்று. ஒருநாள் சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அவளைப் பின்னாலிருந்து கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டான்.

"ஏன்யா கத்தற? அவளுக்கு நாலு வயசுலயே காய்ச்சல்ல காது போயிடுச்சு. இது தெரியாமயா இத்தனை நாள் வழிஞ்சுக்கிட்டு நின்ன?" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

ஸ்பேனர் பேந்தப் பேந்த விழித்தான். கல்யாணமாகிப் பதினான்கு வருஷம் ஓடி, மகளுக்குப் பதினொரு வயசும் ஆகிவிட்டது. அந்த ஆச்சரியம் மட்டும் அவனுக்கு இன்னும் தீரவில்லை. வெளியே வந்தால் அவள் காது கேளாதவள். தறிக்கூடத்துக்குள் எல்லோரும் காது கேளாதவர்கள். அவர்களில் அவள் கெட்டிக்காரி. நாலு தறி தள்ளி ஒரு இழை அறுந்தால் அந்தத் தறிக்காரி பார்ப்பதற்கு முன் இவள் பார்த்துவிடுவாள்.

அந்த வருஷம் வெயில் ஆளை வறுத்து எடுத்தது. காற்று காய்ந்தால் இழை சும்மா சும்மா அறும். நெசவுக்காரிகள் தறிக்கு முன்னால் நிற்கிற நேரத்தைவிடப் பின்னால் குனிந்து இழை முடிகிற நேரம் அதிகமாகிவிடும். அப்படி ஒரு நாளில் நிர்வாகம் அபாயச் சங்கை அடித்துப் பார்த்தது. தீப்பிடித்தால் எப்படி வெளியேற வேண்டும் என்று பழக்குவதற்காக. எல்லோரும் போட்டது போட்டபடி ஓடிவந்து மைதானத்தில் நின்றார்கள். பாதித் தறிகளை யாரும் நிறுத்தவே இல்லை. தலையை எண்ணினால் ஒன்று குறைந்தது.

ஸ்பேனர் உள்ளே ஓடினான். ஆளில்லாத கூடத்தில் தறிகள் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தன. தூணுக்குப் பின்னால் அவள் பாவு நூலுக்கு அடியில் குனிந்து, வாயில் நூலைக் கடித்தபடி, ஒவ்வொரு இழையாக முடிந்துகொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் 'என்ன, மூஞ்சி இப்படி வெளுத்திருக்கு?' என்று கேட்டாள். நிஜமாகவே நெருப்பாக இருந்திருந்தால் என்ற ஒரு நினைப்பு அன்றைக்கு அவனைப் பிடித்தது. பிறகு விடவே இல்லை.

அடுத்த வாரம் நிர்வாகத்திடமிருந்து சங்கத்துக்குக் கடிதம் வந்தது. காது கேளாத தொழிலாளியைத் தறியில் வைத்திருப்பது ஆபத்து, அதே சம்பளத்தில் துணி மடிக்கிற மடிப்புக் கூடத்துக்கு மாற்றப்போகிறோம், சங்கத்தின் கருத்து என்ன என்று கேட்டிருந்தார்கள். சங்கத்தின் செயற்குழு அதைத் தூக்கிச் சமத்துவ ஆலோசனைக் குழுவிடம் கொடுத்தது.

இந்தக் குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழு பேர். பெண்கள், உடலில் குறையுள்ளவர்கள், வேறு ஊரிலிருந்து பிழைக்க வந்தவர்கள், சின்ன வயசுக்காரர்கள் என்று ஒவ்வொரு தரப்பும் ஆள் அனுப்பும். ஒரு நாற்காலியை இடம் மாற்றிப் போடக்கூட இவர்களுக்கு அதிகாரம் கிடையாது. விசாரிக்கலாம், யோசிக்கலாம், எழுதிக் கொடுக்கலாம். ஏற்பதும் ஏற்காததும் செயற்குழுவின் இஷ்டம். ஏற்காவிட்டால் ஏன் என்று எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான். 'டீயும் பிஸ்கட்டும் ஆலோசனைக் குழு' என்று கேன்டீனில் கிண்டல் செய்வார்கள். அதன் அமைப்பாளர் பதினோராம் வரிசையில் தறி ஓட்டுகிற ஒரு பெரிய உடம்புக்காரி. சங்கத்தின் விதிப் புத்தகத்தைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிவதால் அவளுக்குச் சட்டக்கா என்று பெயர். புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் எண்ணெய்க் கறை.

விசாரணை சங்க அலுவலகத்து மாடியில் நடந்தது. காது கேளாதவள் வருகிறாள், அவளைச் சிரமப்படுத்தக் கூடாது என்று ஏழு பேரும் நல்ல எண்ணத்தோடு ஜன்னலைச் சாத்தினார்கள், சத்தம் போட்ட மின்விசிறியை நிறுத்தினார்கள். அப்புறம் மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். தறிக்கூடத்துப் பேச்சை அலுவலகத்தில் பேசினால் அழகா? சட்டக்காவே ஒரு விரலை அசைக்கவில்லை. மேஜைக்கு இந்தப் பக்கம் புருஷனும் பெண்டாட்டியும்.

"இந்த மாத்தலுக்கு அவ சம்மதம் என்னன்னு கேட்டுச் சொல்லு தம்பி" என்றாள் சட்டக்கா.

ஸ்பேனர் மேஜைக்கு அடியில் கையைச் சின்னதாக அசைத்தான். 'எல்லாம் நல்லபடியா முடியும், பயப்படாதே' என்றுதான் சொன்னான். நிமிர்ந்து, "அவளுக்குச் சம்மதம்தாங்க" என்றான். பொய் சொல்கிறோம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அவள் பிழைத்துக் கிடந்தால் போதும் என்று தோன்றியது. சட்டக்கா நோட்டில் 'சம்மதம்' என்று எழுதி அடிக்கோடு போட்டாள்.

இரண்டு நாள் கழித்துத்தான் அவளுக்கு விஷயம் தெரிந்தது, மேஸ்திரி வந்து 'எப்போ மடிப்புக்குப் போறே?' என்று கேட்டபோது. அன்றிலிருந்து வீட்டில் அவள் கையைக் கட்டிக்கொண்டாள். மற்ற வீடுகளில் கோபம் வந்தால் பாத்திரம் உருளும், கதவு அடிக்கும். இந்த வீட்டில் பெண்டாட்டி இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டால் பேச்சு முடிந்தது. சோறு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், உடனே கையைக் கட்டிக்கொள்வாள். மகள்தான் நடுவில் தூது போனாள்.

"அம்மா என்ன சொல்றா?"

"உங்களுக்கு உப்பு வேணும்னா நீங்களே எழுந்து எடுத்துக்கணுமாம்."

"அது இல்ல. மடிப்பைப் பத்தி."

"அதைப் பத்தி உங்ககிட்ட எதுக்குச் சொல்லணும், நீங்கதான் எல்லாத்தையும் சொல்லிட்டீங்களேன்னு கேக்கறாங்க." மகள் இதை ரசித்துச் சொன்னாள், அவள் யார் பக்கம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சட்டக்கா வியர்த்து வழிய வந்து சேர்ந்தாள். குழுவின் ஆலோசனை செயற்குழுவுக்குப் போய்விட்டது; புதன்கிழமை அதை ஏற்றுக்கொள்ளப் போகிறார்கள். ஆறாம் விதிப்படி சம்பந்தப்பட்டவளின் கையெழுத்து மட்டும் பாக்கி. ஸ்பேனர் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். உருளைக்கிழங்கை நறுக்கிக்கொண்டிருந்த அவன் மனைவி கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

"எல்லாம் உன் நல்லதுக்குத்தான்டி. ஒரு கையெழுத்துப் போட்டுடு" என்றாள் சட்டக்கா, காகிதத்தை நீட்டி.

அவள் கட்டிய கையோடு உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, அம்மாகிட்ட வாயால பேசினா எப்படி? கையில பேசுங்க. மில்லுல பேசுவீங்கல்ல?" என்றாள் மகள்.

சட்டக்காவின் முகம் சிவந்துபோயிற்று. பத்தொன்பது வருஷமாக ஒரே கூடத்தில் நின்று வேலை செய்தவளிடம் பேச, ஒரு வீட்டுக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் கை தானாக மடியில் போய்ப் படுத்துக்கொண்டதை அப்போதுதான் கவனித்தாள். காகிதத்தைக் கீழே வைத்தாள். தறிக்கூடத்தில் பேசுகிற மாதிரி, தோளிலிருந்து, பெரிதாகக் கையைத் தூக்கினாள். 'ஏன்டி கோபம்?'

அவள் கையை அவிழ்த்தாள். ஒன்பது நாள் கட்டிக்கிடந்த கை. அது அவிழ்ந்ததும் ஸ்பேனர் ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

'நீங்க ஏழு பேரும் என் முன்னாடி கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்தீங்க. நான் என்ன தப்புப் பண்ணேன், எல்லாரும் ஏன் கோவமா இருக்காங்கன்னு நினைச்சேன். ஒருத்தர்கூட என்கிட்ட பேசலை. இவரைப் பார்த்துப் பேசினீங்க. இவர் மேஜைக்கு அடியில பயப்படாதேன்னார். எதுக்குப் பயப்படணும்னு சொல்லலை.'

சட்டக்கா திரும்பி ஸ்பேனரைப் பார்த்த பார்வையில் அவன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான்.

'மடிப்புக் கூடத்தைப் பார்த்திருக்கீங்களா அக்கா? சத்தமே கிடையாது. எல்லாரும் தலையைக் குனிஞ்சு துணியை மடிச்சுக்கிட்டு வாயால பேசிக்கிறாங்க. அங்க கை வேலையா இருக்கும், பேசறதுக்குக் கிடையாது. காலையில எட்டு மணியிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நான் தனியா நிக்கணும். இருபது பேருக்கு நடுவுல தனியா. அதுக்கு என்னைக் கிணத்துல இறக்கி விட்டுடலாம்.'

'அடியே, சங்கு அடிச்சா உனக்குக் கேக்காதேடி! அன்னைக்கு நெருப்பா இருந்திருந்தா?'

'உங்களுக்குக் கேட்டுச்சா?'

'கேட்டுச்சே! இந்தக் காதால கேட்டேன்.'

'எந்தப் பக்கத்துலேர்ந்து?'

சட்டக்காவின் கை பாதியில் நின்றது. வாசல் பக்கம் என்றாள். இல்லை, தண்ணீர்த் தொட்டி என்றாள். ஸ்பேனர் ஃபிட்டராயிற்றே, சங்கு பாய்லர் கொட்டகைக் கூரையில் இருப்பது அவனுக்குத் தெரியும். ஆனால் அன்று எந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது என்று நினைத்துப் பார்த்தால் அவனுக்கும் நினைவில்லை.

'யாருக்கும் கேக்கறதில்லை அக்கா' என்றாள் அவள். கை நிதானமாக வந்தது. 'பத்தொன்பது வருஷமா பார்க்கறேன். சங்கு அடிச்சா வாட்ச்மேன் கதவைத் திறந்து கையை ஆட்டுவான். மேஸ்திரி பார்த்துட்டுக் கையை ஆட்டுவான். முதல் வரிசை அவனைப் பார்க்கும், ரெண்டாவது வரிசை முதல் வரிசையைப் பார்க்கும். அப்படியே போகும். எல்லாரும் வெளியே வந்து, அங்க சத்தத்தைக் கேட்டுட்டு, உள்ளேயே கேட்டதா நினைச்சுக்கறீங்க. நான் தூணுக்குப் பின்னாடி குனிஞ்சிருந்தேன், யார் கையும் தெரியலை. என் எடத்துல நீங்க குனிஞ்சிருந்தா நீங்களும் உள்ளேதான் இருந்திருப்பீங்க.'

ஸ்பேனருக்கு உடம்பு சிலிர்த்தது. இவ்வளவு பெரிய விஷயம் இத்தனை காதுகளுக்கும் எட்டாமல், இவள் ஒருத்தி கண்ணில் பட்டிருக்கிறது! சட்டக்கா நம்பவும் முடியாமல் நம்பாமல் இருக்கவும் முடியாமல் விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். பிறகு வாயாலும் கையாலும் சேர்த்தே சொன்னாள். "ஆறாம் விதி, சம்பந்தப்பட்டவர்கிட்ட நேரா கேக்கணும். நான் கேக்கலை. என் தப்பு."

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் குழு மறுபடி கூடியது. ஜன்னல் திறந்திருந்தது. முதலில் ஸ்பேனரை எழுப்பி நிறுத்தினார்கள். "அவ சம்மதம் சொல்லலை. நானா சொன்னேன். பயத்துல சொன்னேன்" என்றான்.

"கொடுத்த ஆலோசனையைத் திருப்பி வாங்கினா நம்ம மரியாதை என்னக்கா ஆகும்? ஏற்கெனவே ஒருத்தனும் நம்மை மதிக்கறதில்லை" என்று அங்கலாய்த்தான் சின்ன வயசுக்காரர்கள் சார்பில் வந்தவன்.

"அப்புறம் என்ன, போறதுக்கு எதுவும் இல்லையே. எழுது" என்றாள் சட்டக்கா.

எழுதினார்கள். முதல் வரியே 'எங்கள் விசாரணை தவறு' என்று. அத்தோடு விடவில்லை. ஒன்பதாம் விதியின்படி, ஆலோசனையை விளக்கப் பிரச்சினை நடக்கிற இடத்துக்கே செயற்குழுவை அழைக்கக் குழுவுக்கு உரிமை உண்டு. விதி எழுதிய நாளிலிருந்து யாரும் அதைத் தொட்டதில்லை. சங்கச் செயலாளருக்கே அப்படி ஒன்று இருப்பது தெரியாது. புதன்கிழமைக் கூட்டத்துக்கு வருமாறு செயற்குழுவின் ஐந்து பேருக்கும் கடிதம் போயிற்று. இடம், தறிக்கூடம், பதினேழாம் வரிசை. நேரம், காலை பதினொரு மணி, தறிகள் ஓடும்போது. நிர்வாகத்தில் பாதுகாப்பு அதிகாரியைப் பார்த்துச் சட்டக்கா இன்னொரு ஏற்பாடும் செய்தாள். அதைத் தறிக்கூடத்தில் ஸ்பேனரின் மனைவியைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை.

புதன்கிழமை வானம் மூடிக்கொண்டு காற்று பிசுபிசுத்தது. தறிகள் ஒழுங்காக ஓடின. செயற்குழுவின் ஐந்து பேர் சலவைச் சட்டையோடு வந்து வரிசைக்கு நடுவில் நின்றார்கள். தலைவர் மட்டும்தான் தறியில் நின்றவர், அதுவும் இருபது வருஷத்துக்கு முன்னால். செயலாளர் கணக்குப் பிரிவிலிருந்து வந்தவர். காதைப் பொத்திக்கொண்டு எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன பேசுகிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்களோ என்றும் தோன்றியது போலும், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

ஸ்பேனரின் மனைவி ஊடைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறினாள்.

பிறகு அவள் பேசினாள். ஸ்பேனர் பதினான்கு வருஷமாக அவளோடு பேசுகிறவன்; அவள் இப்படிப் பேசி அவன் பார்த்ததில்லை. தோளும் முழங்கையும் விரலும் சேர்ந்து, கடைசி வரிசைக்கும் தெரியும்படி, அவசரமில்லாமல் பேசினாள். மடிப்புக் கூடத்தைப் பற்றிச் சொன்னாள், பத்தொன்பது வருஷத்தைப் பற்றிச் சொன்னாள். பக்கத்து வரிசைக்காரிகள் தறியை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு இன்னொரு கண்ணால் அவளைப் பார்த்தார்கள். ஒரு இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். செயலாளர் சட்டக்காவின் தோளைத் தட்டி, என்ன என்று கேட்டார். சட்டக்கா ஒரு காகிதத்தில் 'அப்புறம் சொல்கிறேன்' என்று எழுதிக் காட்டினாள்.

சட்டென்று அவள் பேச்சை நிறுத்தினாள். சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். பதினொன்று பதினான்கு.

'நாலு நிமிஷமா சங்கு அடிக்குது. யாருக்குக் கேக்குது?'

யாரும் அசையவில்லை. ஸ்பேனர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். தறிச் சத்தம்தான், வேறு ஒன்றும் இல்லை. அவன் மேஸ்திரியைப் பார்த்தான். மேஸ்திரி கதவைப் பார்த்தான். கதவு மூடியிருந்தது. இன்றைக்குக் கதவைத் திறக்க வேண்டாமென்று வாட்ச்மேனிடம் சட்டக்கா சொல்லி வைத்திருந்தாள். இவள் விளையாடுகிறாளா என்று தலைவர் மீசை இல்லாத இடத்தைத் தடவினார்.

அவள் ஸ்பேனரைப் பார்த்து மெயின் சுவிட்சைக் காட்டினாள்.

அவன் ஓடிப் போய் இழுத்தான். தறிகள் அடிப்பது தளர்ந்து, விட்டு விட்டு அடித்து, ஒன்றொன்றாக நின்றன. கடைசித் தறியும் நின்றது.

அபாயச் சங்கு அலறிக்கொண்டிருந்தது. கூரைத் தகடு அதிர, கண்ணாடி அதிர, ஊரையே எழுப்புகிற அலறல். இத்தனை நேரமும் அது இங்கேயே, இவர்கள் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது. முதல் வரிசைக்காரி ஒருத்தி நெஞ்சில் கையை வைத்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். சட்டக்கா, ஏற்பாடு செய்தவளே, வாயைப் பொத்திக்கொண்டாள். ஸ்பேனருக்குக் கண்ணில் நீர் முட்டியது. தனக்குக் காது இருக்கிறது, அவளுக்கு இல்லை, அதனால் தான் பத்திரம், அவள்தான் ஆபத்தில் இருக்கிறாள் என்று நம்பித்தானே அவளுக்காகப் பேசினான்? இத்தனை பேர் உயிரும் ஒரு வாட்ச்மேனின் கையசைப்பில் தொங்கிக்கொண்டிருந்ததை அவள்தான் பார்த்திருக்கிறாள். கவிழ்த்துப் போட்ட பெட்டியின் மேல் நின்ற அவளை அவன் முதல் தடவை பார்ப்பவனாகப் பார்த்தான்.

சங்கு நின்றது. வெளியே மழை பெய்யத் தொடங்கியிருந்த சத்தம் கேட்டது.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செயலாளர்தான் முதலில் கையைத் தூக்கினார். பிறகு மற்ற நாலு கையும் எழுந்தன. தறியிலிருந்து அவளை மாற்றக் கூடாது, சங்கு அடிக்கும்போது எரிய எல்லா வரிசைக்கும் சிவப்பு விளக்கு வேண்டும் என்று அங்கேயே, சட்டக்காவின் எண்ணெய்க் கறைப் புத்தகத்தை மேஜையாக வைத்துக் கையெழுத்துப் போட்டார்கள்.

அப்புறம் தலைவர், வழக்கப்படி, ஸ்பேனர் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, மொத்தம் எத்தனை விளக்கு, எங்கெங்க போடணும்னு உன் சம்சாரத்தைக் கேட்டுச் சொல்லு."

ஸ்பேனர் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். இரண்டு கையையும் அக்குளில் செருகிக் கட்டிக்கொண்டான்.

"அவளையே கேளுங்க தலைவரே" என்றான்.

கூடம் முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கையிலிருந்த காகிதத்தைச் செயலாளரிடம் கொடுத்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, இருபது வருஷமாகப் பேசாத கையைத் தயங்கித் தயங்கித் தூக்கினார். இரண்டு விரலை முகவாயில் இடப்பக்கம் வைத்தார்.

அவள் பெட்டியின் மேலிருந்து குனிந்து, அவர் கேட்டு முடிக்கிற வரைக்கும் பொறுமையாகப் பார்த்தாள். அப்புறம் தூணுக்குப் பின்னால் கையைக் காட்டினாள்.

'முதல் விளக்கு அங்க' என்றாள்.